பையில்லாத சட்டை

தையல்காரம்மாவுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் சொன்னதைக் கேட்டுக்கொள்ளும் பிள்ளை. இளையவள் சொன்னதை ஏன் சொன்னாய் என்று கேட்கிற பிள்ளை. எந்தப் பதிலைக் கொடுத்தாலும் அதில் இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்து மாட்டிவிடுவாள். அதனால் அவளுக்குக் கொக்கி என்று பெயர் வைத்தது அவளுடைய நடு அத்தை, அதாவது அப்பாவுக்கு நேர் மூத்தவள். அந்த அத்தையும் வாயில் குறைந்தவள் இல்லை. ஆனால் கொக்கியிடம் பேசத் தொடங்கினால் கடைசியில் அத்தைதான் செருப்பைத் தேடுவாள்.

மாடி வீட்டின் முன்னறைதான் தையல் கடை. சன்னலோரம் மெஷின், குறுக்கே கட்டிய கயிற்றில் ஆல்டர் பண்ண வந்த சட்டைகள், மூலையில் இஸ்திரி மேசை. இஸ்திரி போடும் முன் ஒவ்வொரு சட்டைப் பையிலும் கைவிட்டுப் பார்ப்பது கொக்கியின் வேலை. ஒரு நாள் ஒருவர் பதறிக்கொண்டு வந்தார், நீலச் சட்டைப் பையில் அலமாரிச் சாவியை வைத்துவிட்டதாக. கொக்கி தலை நிமிராமல், அந்தச் சட்டைப் பையில் ஒன்றும் இல்லை, காலிதான் என்றாள். அம்மா நீலச் சட்டையை எடுத்து விரித்தாள். அதற்குப் பையே கிடையாது.

“பையே இல்லாத சட்டையில பை எப்படிடி காலியா இருந்துச்சு?” என்றாள் அம்மா.

வந்தவர் சிரித்துவிட்டார். சாவி அவருடைய இன்னொரு சட்டையில் கிடைத்தது. ஆனால் கொக்கிக்கு அன்று முழுக்க முகம் சிவந்தே இருந்தது. பை காலி என்றால் அவள் கைவிட்டுப் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். அவள் பார்க்கவே இல்லை. அதை அம்மா சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்தது.

அக்காவைக் கட்டியவர் லிப்ட் மெக்கானிக். நல்ல கைவேலை, நல்ல குணம், ஒரே குறை வாய் திறக்க மாட்டார். கம்பெனியில் அவருக்கு மௌனசாமி என்று பட்டம், பதிவேட்டில் கூட அதே பெயர்தான். சாப்பாட்டில் உப்பு கூடினால் மட்டும் ‘உப்பு’ என்பார். சரியாக இருந்தால் ஒன்றுமே சொல்ல மாட்டார். “நல்லா இருக்கு, இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேய்ஞ்சிடுமா?” என்று அக்கா கல்யாணமான புதிதில் ஆரம்பித்த சண்டை அது. “குறை இருந்தா சொல்ல மாட்டேனா” என்பதுதான் அவருடைய ஒரே பதில். லிப்ட் மெக்கானிக்குகள் எல்லாருமே ஏறக்குறைய அந்த ரகம். நன்றாக ஓடுகிற லிப்டைப் பற்றி என்ன பேசுவது என்பார்கள்.

கொக்கி வெப் புரோகிராமிங் படிக்கப் போனபோது, இந்தப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று நடு அத்தை தொடங்கி எல்லாரும் கேட்டார்கள். அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, லிப்ட் இல்லாத அந்த வீட்டு மாடிக்குத் தோளில் சுமந்து ஏறி, இஸ்திரி மேசையில் வைத்துவிட்டுப் போனார். லிப்ட் மெக்கானிக் படியேறிச் சுமக்கிறானே என்று கீழ் வீட்டுக்காரர் கேலி பண்ணியதற்கும் பதில் இல்லை.

படித்து முடித்ததும் வேலை வரிசையில் வந்து நிற்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தாள். பிறகு அத்தான் சொல்லி அதே லிப்ட் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. நாளெல்லாம் மெக்கானிக்குகள் கூப்பிடுவார்கள், இங்கே கதவு சிக்குகிறது, அங்கே மோட்டார் சூடாகிறது என்று. இரண்டு காதும் போதவில்லை. பொறுத்துப் பார்த்தவள், ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து ஒரு வெப் பக்கம் செய்தாள். அன்றன்றைக்குப் பார்க்க வேண்டிய லிப்டுகள் எல்லாம் காலையில் அதில் தானே வந்து வரிசை கட்டும். மெக்கானிக் தன் போனில் அந்த லிப்டைத் தொட்டால் ஒரு கட்டம் திறக்கும். பழுது இருந்தால் எழுதி ‘அனுப்பு’ என்று அமுக்கலாம். இல்லையென்றால் கட்டத்தை வெறுமனே விட்டு அமுக்கலாம். முதலாளி பார்த்தார். அடுத்த மாதமே போனை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, கொக்கிக்கு வெப் புரோகிராமர் என்று தனி மேசை போட்டார். அன்றைக்குத் தையல்காரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிர்வீடு, பக்கத்து வீடு, கடைக்கு வந்த முன்பின் தெரியாதவர் என்று ஒருவரையும் விடாமல் சொன்னாள்.

முதலாளியும் ஒரு காலத்தில் ஸ்பேனர் பிடித்தவர்தான். தன் அறைச் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டி, எல்லா லிப்டும் அதில் தெரிய வேண்டும் என்றார். தெரிந்தது. ஆனால் காலை நேரத்தில் லிப்டுக்கு லிப்டு ‘நல்’ என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்து உட்கார்ந்திருந்தது.

“என்னம்மா இது, சுவர் பூரா கரப்பான்பூச்சி மாதிரி? வர்ற கஸ்டமர் என்ன நினைப்பான்? பழுது இல்லைன்னா பச்சையைப் போட்டுட்டுப் போ.”

‘நல்’ என்றால் அந்தக் கட்டத்துக்கு இன்னும் யாரும் பதிலே தரவில்லை என்று பொருள். வெற்றுக் கட்டம் வேறு. மெக்கானிக் போய், பார்த்து, எழுத ஒன்றும் இல்லாமல் அனுப்பியது அது. கொக்கிக்கு இது தெரியாதா? படிக்கும்போது வாத்தியார் இதைக் கேட்க, வகுப்பே முழித்தபோது, பையில்லாத சட்டையும் காலிப் பையும் என்று பளிச்சென்று சொன்னவள் அவள்தான். ஆனால் முதலாளி வாசலில் நின்று அவசரப்படுத்தினார். அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். அந்தப் புரோகிராம் மொழியில் ஒன்றின் முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் ‘இது இல்லாவிட்டால்’ என்று பொருள். பழுது இல்லாவிட்டால் பச்சை. வெறுமையாக இருந்தாலும் அதற்கு இல்லைதான், ‘நல்’லாக இருந்தாலும் இல்லைதான். இரண்டையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிவிட்டது அந்தக் குறி. பிறகு பிரித்துவிடலாம் என்று நினைத்தாள். சுவர் பச்சைப் பசேல் என்று ஆனது, முதலாளி வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், அவளும் உள்ளுக்குள் பூரித்துப் போனாள். பிறகு என்பது வரவே இல்லை.

தினமும் அந்தச் சுவர் பச்சையாகவே விடிந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேட்கிற கொக்கியும் கேட்கவில்லை.

அப்புறம்தான் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார். கடைத்தெருவில் உள்ள உயரமான கட்டடத்தில், இரண்டு மாடிக்கு நடுவே லிப்ட் நின்றுபோனது. உள்ளே வக்கீலும் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்டும். மீட்டு வெளியே கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இறங்கும்போது வக்கீல் கையில் ஒரு பாலிசி இருந்தது, அவருடைய கையெழுத்தோடு. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, கடைசியாக இந்த லிப்டைப் பார்த்தது யார், என்ன எழுதினான், எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று கம்பெனிக்குப் போன் போட்டார்.

முதலாளி சுவரைப் பார்த்தார். முந்தின நாள் தேதியில் அந்த லிப்ட் பச்சை. பழுதில்லை. பொறுப்பு: மௌனசாமி.

மறுநாள் காலை அத்தானை உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே போகாமலே பழுதில்லை என்று போட்டுவிட்டாயா என்று சூப்பர்வைசர் கேட்டார். போகவில்லை, எதுவும் போடவும் இல்லை என்றார் அத்தான். வேறு ஒருவராக இருந்தால் கத்தியிருப்பார், நாலு பேரைச் சாட்சிக்கு இழுத்திருப்பார். இவர் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நின்றார். முதலாளி விரலை நீட்டிச் சுவரைக் காட்டினார். பார்க்காத லிப்டைப் பார்த்ததாகச் சொல்கிறவனுக்கு இந்தத் தொழிலில் மன்னிப்பு கிடையாது. வேலை போவது மட்டுமில்லை, லைசன்ஸும் போகும். வேறு எந்தக் கம்பெனியும் வாசலில் கூட நிற்க விடாது. லைசன்ஸ் ஆபீசுக்கு எழுதிய கடிதம் மேசையில் தயாராக இருந்தது. வக்கீல் வந்ததும் அவர் எதிரிலேயே கையெழுத்து என்று முடிவானது.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த கொக்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் அடியில் இருக்கும் தகவல் கிடங்கைத் திறந்தாள். திரைக்கு வருகிற எல்லாம் அங்கிருந்துதான் வரும். அந்த லிப்ட், அந்தத் தேதி. கட்டம் வெறுமையாக இல்லை. சாம்பல் நிறத்தில் ‘நல்’ என்று இருந்தது.

அத்தான் வெளிப்படியில், டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொக்கி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தான், அன்னிக்கு அந்த லிப்டுக்கு ‘அனுப்பு’ அமுக்கினீங்களா?”

“போகாத இடத்துக்கு எதை அனுப்பறது?”

“ஏன் போகலை?”

“ஆஸ்பத்திரி லிப்ட் நின்னுடுச்சு, அங்க போன்னாங்க. போனேன்.”

“இதை உள்ள சொன்னீங்களா?”

“யாரும் கேட்கலை.” கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். “விட்டுடு பாப்பா. அது உன் சுவர். அது தப்புன்னு சொன்னா உன் வேலைக்கு எதாவது வந்துடும்.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். கொக்கி அவர் தோளைப் பார்த்தாள். மாடிப்படியில் கம்ப்யூட்டர் சுமந்த தோள் அது. அவள் எழுந்து உள்ளே போனபோது வக்கீல் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார். சூப்பர்வைசர் கையில் டீ கிளாஸ். முதலாளி பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“சார், சுவர் தப்பு. நான் எழுதினதுதான் தப்பு. அவர் எதுவும் அனுப்பலை.”

“அக்கா புருஷனுக்கு வக்காலத்தா? வக்கீல் ஒருத்தர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கார்” என்றார் முதலாளி.

“வக்காலத்து இல்ல சார். ஒரே ஒரு கேள்வி. இன்னிக்கு லிஸ்ட் சுவர்ல இருக்கு. எல்லாம் பச்சை. நம்ம பசங்க யாராவது கிளம்பிட்டாங்களா?”

முதலாளி சன்னல் வழியாகப் பார்த்தார். மெக்கானிக்குகள் அத்தனை பேரும் வாசலில்தான் நின்றிருந்தார்கள், மௌனசாமிக்கு என்ன ஆகிறது என்று. ஒரு வண்டி கூட ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஒரு லிப்ட் பாக்கியில்லாமல் பச்சை, எல்லாம் பார்த்தாயிற்று, எங்கும் பழுதில்லை. சூப்பர்வைசர் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸ் வழியிலேயே நின்றது.

கொக்கி தன் லேப்டாப்பை மேசையில் திருப்பி வைத்தாள். கிடங்கில் இன்றைய வரிசை முழுவதும் ‘நல்’ ‘நல்’ என்றே இருந்தது. முதலாளியின் போனிலேயே ஏதாவது ஒரு லிப்டைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் ‘அனுப்பு’ அமுக்கச் சொன்னாள். அவர் சந்தேகத்தோடு அமுக்கினார். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் ‘நல்’ மறைந்து வெறுமை வந்தது. சுவரிலோ எந்த மாற்றமும் இல்லை. அதுவும் பச்சை, இதுவும் பச்சை.

“வெறுமையா இருந்தா ஒருத்தர் பதில் சொல்லியிருக்கார், குறை இல்லைன்னு. ‘நல்’லுன்னா யாரும் இன்னும் பதிலே சொல்லலை. சுவர் ரெண்டையும் ஒண்ணாக் காட்டுது. அத்தானோட கட்டத்துல ‘நல்’ இருக்கு சார்.”

“அது சரி. அதை நீயே காலையில மாத்தியிருக்கலாமே?”

இந்தக் கேள்வி வரும் என்று அவள் படியிலிருந்து எழும்போதே எதிர்பார்த்திருந்தாள். இந்தக் கிடங்கின் நகல் தினமும் சாயங்காலம் சர்வர் வாடகைக்குக் கொடுத்திருக்கிற கம்பெனியில் பத்திரமாகப் போய்ச் சேரும். அதில் அவள் கைவைக்க முடியாது. லிப்ட் நிற்கும் முன்பே எடுத்த நகல் அங்கே இருக்கிறது, நீங்களே கேளுங்கள் என்றாள். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பின்னால் யாரோ சத்தமாகத் தும்முகிற ஓசை. தேடிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ‘நல்’ என்று இருப்பதாகச் சொன்னாள்.

“காலியா இருக்குன்னு சொல்றீங்களா?” என்றார் முதலாளி.

“இல்ல சார், காலின்னா வேற. இது ‘நல்’.” போனில் இருந்தவளுக்கு அலுப்பு தட்டியது. “ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க சார், வம்புல மாட்டிப்பீங்க.”

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த வக்கீல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த கடுகடுப்பு போய், நல்ல கேஸ் கிடைத்த சந்தோஷம் வந்திருந்தது.

“இது எங்க கோர்ட்ல தினம் நடக்கறதுதானே. சாட்சி கூண்டுல ஏறி, எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்றது ஒண்ணு. சாட்சியைக் கூப்பிடவே இல்லைங்கறது வேற. கூப்பிடாத சாட்சி சொன்னதா நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. நான் ஜட்ஜா இருந்தா உங்க சுவரைத்தான் உள்ள தள்ளுவேன்.”

முதலாளி விடவில்லை. அப்படியானால் இவன் போகவே இல்லையே, அது குற்றமில்லையா என்றார். அப்போதுதான் சூப்பர்வைசர் கிளாஸைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது தான்தான் என்றார். சாயங்காலம் சுவரைப் பார்த்தேன், பச்சையாக இருந்தது, அங்கே முடித்துவிட்டு இங்கேயும் போய்ப் பார்த்திருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். பச்சையாக இருந்தால் அப்புறம் யாரைப் போய் என்ன கேட்பது? காலையில் கோபத்தில் அது நினைவுக்கே வரவில்லை. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. நல்ல மனிதர்தான், பச்சை அவரையும் ஏமாற்றியிருக்கிறது.

முதலாளி பேனாவை மூடினார். சூப்பர்வைசரின் டீ கிளாஸை எடுத்து, அடியில் ஈரம் சொட்டச் சொட்ட, அந்தக் கடிதத்தின் நடுவில் வைத்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், “உள்ள வாப்பா, வெயில்ல என்ன பண்றே?” என்று அத்தானைக் கூப்பிட்டார். வாசலில் நின்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஒருவர் மௌனசாமியின் டூல்ஸ் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இன்னொருவர் முதுகில் வைத்த அடி தெருமுனை வரை கேட்டது.

“உன்னையும் ஒரு வார்த்தை கேட்கணும்” என்று முதலாளி கொக்கியிடம் திரும்பினார். “இது தப்புன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும் சார். நீங்க அவசரப்பட்டீங்க, நான் சரின்னுட்டேன். நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாது.”

முதலாளி மோவாயைத் தடவினார். “இனிமே நான் அவசரப்பட்டா சொல்லு. இப்பச் சுவரைச் சரி பண்ணு. எங்க கண் முன்னால பண்ணு.”

அவள் அந்த வரியைத் தேடிப் பிடித்து ஆச்சரியக்குறியை அழித்தாள். ‘நல்’லா என்று முதலில் கேட்கச் சொல்லி, ஆமென்றால் சாம்பல் நிறம், இல்லை, வெறுமைதான் என்றால் மட்டும் பச்சை, பழுது எழுதியிருந்தால் சிவப்பு என்று பிரித்து எழுதினாள். அமுக்கியதும் சுவர் முழுக்க இருந்த பச்சை ஒரே நொடியில் உதிர்ந்து, முதலாளி தன் போனில் அமுக்கிய ஒன்றே ஒன்று மட்டும் நடுவில் பச்சையாக மினுங்கியது. அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளையடிக்காத வீட்டைப் பெண் வீட்டார் பார்த்துவிட்ட மாதிரி நின்றார். பிறகு அந்த ஒற்றைப் பச்சையைக் காட்டி, “அதையும் எடுத்துடு. அந்த லிப்டை நான் எங்க பார்த்தேன்?” என்றார். வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். யாரும் பார்க்கவில்லை என்ற உண்மையை இவ்வளவு சுத்தமாக ஒப்புக்கொண்ட கம்பெனியைத் தான் இதுவரை பார்த்ததில்லை, சுவர் இப்படியே இருக்கும் வரை கேஸ் கிடையாது என்றார். போகிற போக்கில் கொக்கியிடம், அந்த இன்சூரன்ஸ் பாலிசியை ‘நல்’ ஆக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டாச்சே சார், அது பதில் சொன்ன கட்டம் என்றாள் கொக்கி.

மத்தியானத்துக்குள் மெக்கானிக்குகளின் போனிலும் வேலையை முடித்துவிட்டாள். வெறும் கட்டத்தை அனுப்புகிற பழக்கத்துக்கு முழுக்கு. ‘பார்த்தேன், பழுதில்லை’ என்று தனியாக ஒரு பட்டன். அமுக்கினால்தான் பச்சை. மெக்கானிக்குகள் முணுமுணுத்தார்கள், நல்லா இருக்கிறதை நல்லா இருக்கு என்று வேறு சொல்ல வேண்டுமா என்று. சொல்லத்தான் வேண்டும் என்று சூப்பர்வைசரே முந்திக்கொண்டார்.

அன்றைக்கு அந்த அறையில் வேலை ஓடவில்லை. கணக்குப் பிள்ளை, போன் எடுக்கிற பெண், முதலாளி, எல்லாரும் சுவரைப் பார்த்தபடி. சாம்பலில் ஒன்று பச்சையாகும். கொஞ்ச நேரம் கழித்து மூலையில் இன்னொன்று. நடுவில் ஒரு சிவப்பு விழுந்தது. கதவு உருளை தேய்ந்திருக்கிறது என்று எழுதி வந்தது. முதலாளி உடனே ஆளை அனுப்பினார், அரை மணியில் அதுவும் மாறியது. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதைப் போல் கைதட்டக் கூட ஆரம்பித்துவிட்டார்கள். பழைய பச்சை தானாக விடியும், யாருக்கும் அதில் பெருமை இல்லை. இந்தப் பச்சை ஒவ்வொன்றுக்கும் பின்னால் படியேறிய கால் ஒன்று இருந்தது.

வெயில் தாழும்போது ஒன்றே ஒன்று பாக்கி. கடைத்தெருக் கட்டடம், வக்கீல் மாட்டிக்கொண்ட லிப்ட். அதைத் தானே பார்க்கிறேன் என்று அத்தான் வாங்கிக்கொண்டு போயிருந்தார். உருளை, கயிறு, பிரேக், கதவு என்று ஒன்றையும் விட மாட்டார் என்று தெரியும், அதனால் யாரும் போன் பண்ணி அவசரப்படுத்தவில்லை. கொக்கி மேசையிலிருந்து எழுந்து வந்து சுவர் அருகே நின்றாள். அந்தக் கடைசிச் சாம்பல் கட்டம் ஒரு முறை இமைத்துப் பச்சையானது. அறையே ஆர்ப்பரித்தது. முதலாளி, ஸ்பேனர் பிடித்த காலத்து விசில் ஒன்றை அடித்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டில் எல்லாரும் கூடிவிட்டார்கள். தையல்காரம்மாவும் வந்திருந்தாள், நடு அத்தையும் வந்திருந்தாள். எங்கே எது நடந்தாலும் அந்த அத்தைக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். நடந்ததைக் கொக்கி ஆதியோடந்தமாகச் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அத்தை, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் நம் கொக்கிதானே, அந்தப் பெயர் நான் வைத்ததாக்கும் என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அம்மா இளையவளின் சட்டைப் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். எதற்கென்று மற்றவர்களுக்குப் புரியவில்லை.

அக்கா சாப்பாடு போட்டாள். அத்தான் தலை குனிந்து சாப்பிட்டார். வழக்கம்போல ஒரு சத்தமும் இல்லை. அக்கா கரண்டியோடு எதிரில் வந்து நின்றாள்.

“இப்ப இது என்ன? காலியா, ‘நல்’லா? சாப்பாடு நல்லா இருக்குன்னு சும்மா இருக்கீங்களா, இல்ல இன்னும் ருசியே பார்க்கலையா?”

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அத்தான் கொக்கியைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் தட்டைப் பார்த்தாள். அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமினார்.

“பார்த்தேன்” என்றார். “பழுதில்லை.”

அக்கா கரண்டியை ஓங்கினாள். அவர் அவசரமாகக் கையைத் தூக்கினார்.

“நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. கல்யாணமானதிலிருந்தே நல்லாத்தான் இருக்கு.”

அக்காவின் கை அப்படியே நின்றது. அப்புறம் அந்தக் கரண்டியாலேயே, போதும் போதும் என்று அவர் கையைக் குறுக்கே நீட்டியும் கேட்காமல், தட்டு நிறைய இன்னொரு முறை போட்டாள்.